நூறு வரை சொல்லும் பிள்ளைக்கு ஏழு தெரியுமா?

திருகோணமலையிலிருந்து கண்டி வீதி வழியே சுமார் 40 கிலோமீற்றர் சென்றால் வருவது கந்தளாய். புராதனக் குளமொன்றின் நீரில் நெல் விளையும் ஊர். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என மூவினத்தவரும் வாழும் ஊர். அங்கு நீண்டகால நண்பர் ஒருவரின் இல்லத்தில், ரமழான் மாதத்து மாலைப் பொழுதொன்றில், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பாக நடந்த சிறு சம்பவம் ஒன்றிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

நண்பரின் பேத்திக்கு ஐந்து வயது. அவ்வூர் பாலர் பாடசாலையொன்றில் படிக்கின்றாள். வீட்டுக்கு வருவோர் அனைவர் முன்னிலையிலும் அவள் ஒன்று முதல் நூறு வரை ஒப்புவிப்பது வழமையாம். எம் முன்னிலையிலும் ஒப்புவித்தாள். இடையில் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. எல்லோரும் மெச்சினோம். பின்னர் அவளது மூத்தும்மா, “ஏழு பேர் இருக்கம் மகள், ஆளுக்கொன்றா ஏழு ஈத்தம்பழம் எடுத்துத் தட்டில வைங்க” என்றார். பிள்ளை போத்தலுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளித் தட்டில் வைத்தாள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. “ஏழு எங்க மகள்?” என்று கேட்டதும் அவள் மீண்டும் ஒன்றிலிருந்து ஆரம்பித்து, பழங்களின் மீது விரலை ஓட்டியவாறு, விரல் ஒரு வேகத்திலும் வாய் இன்னொரு வேகத்திலும் செல்ல, பதினாறில் போய் நின்றாள்.

அனைவரும் சிரித்தனர். எனினும் அப்பிள்ளையின் தாயார் சிரிக்கவில்லை. அவர் வேறொரு பாலர் பாடசாலையில் ஆசிரியையாகக் கடமையாற்றுபவர். “நூறு வரைக்கும் சொல்லத் தெரியாட்டி பெற்றோர் பிள்ளையை வேற நேசரிக்கு மாத்திடுவாங்க சேர். ஏழைத் தெரியுமா என்று ஒருவரும் கேக்கிறதில்ல” என்றார் அவர். இந்த ஒரு வாக்கியத்தினுள் எமது ஆரம்பக் கணிதக் கல்வியின் நோய் முழுவதும் அடங்கியிருக்கின்றது எனலாம்.

எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது ஒன்று; எண் என்றால் எவ்வளவு என்று உணர்வது வேறொன்று. முதலாவது, பாட்டொன்றை மனனம் செய்வதைப் போன்றது. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்பது பிள்ளைக்கு ஒரு தாலாட்டின் சொற்களை விட அதிகப் பொருளுடையதாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. இரண்டாவதையே கல்வியியலாளர்கள் ‘எண் உணர்வு’ என்கின்றனர். இச்சொல்லாட்சியைக் கணிதவியலாளர் தோபியஸ் டான்ட்சிக் 1930 ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் பயன்படுத்தினார். பிற்காலத்தில் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹான் 1997 இல் அதனையே தமது நூலின் பெயராகவும் ஆக்கினார்.

பிள்ளை ஒன்று எண்ணுவதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? வளர்ந்த எமக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றுவதில்லை. 1978 ஆம் ஆண்டில் றொஷெல் கெல்மன், சார்ள்ஸ் கலிஸ்டல் ஆகிய இரு உளவியலாளர்கள் இதனை ஆராய்ந்து ஐந்து விடயங்களைப் பிரித்துக் காட்டினர். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் மட்டுமே சொல்ல வேண்டும். பெயர்களின் வரிசை மாறக்கூடாது. இறுதியாகச் சொன்ன பெயரே மொத்தத் தொகை. எதனையும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் தொகை மாறாது. கந்தளாய்ச் சிறுமிக்கு இரண்டாவது நன்றாகத் தெரிந்திருந்தது. முதலாவதில் விரலும் வாயும் பிரிந்தன. மூன்றாவதைப் பற்றி அவளிடம் எவருமே கேட்டதில்லை. ‘இறுதியாகச் சொன்ன பெயரே மொத்தம்’ என்ற இந்த மூன்றாவது விடயம்தான் மிகப் பெரிய படி. ஐந்து கற்களை எண்ணி முடித்த பிள்ளையிடம் “அப்படியானால் எத்தனை கல்?” என்று கேட்டுப் பாருங்கள். “ஐந்து” என்று சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், அப்பிள்ளை இன்னும் அப்படியில் ஏறவில்லை என்பதே பொருள். அது பிள்ளையின் குற்றமன்று. பெரும்பாலான பிள்ளைகள் மூன்றரை, நான்கு வயதளவிலேயே அதனை அடைகின்றனர். சிலருக்கு இன்னும் காலம் எடுக்கும்.

இனி, கண்ணின் இயல்பைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பொருளியல் அறிஞராகப் பெயர்பெற்ற ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1871 இல் ஒரு விசித்திரமான பரிசோதனை செய்தார். கைநிறையக் கறுப்பு அவரை விதைகளை அள்ளி, தட்டொன்றின் நடுவே வைத்த சிறு பெட்டியை நோக்கி எறிவார். பெட்டிக்குள் எத்தனை விழுந்தன என்பதை எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் மதிப்பிடுவார். அதன் பின்னரே எண்ணிச் சரிபார்ப்பார். இவ்வாறு ஆயிரத்துக்கும் அதிகமான தடவைகள் செய்தார். மூன்று, நான்கு விதைகள் விழுந்தபோது ஒரு தடவையேனும் பிழை வரவில்லை. ஐந்தில் பிழைகள் தலைகாட்டின. அதற்கு மேல் செல்லச் செல்லப் பிழைகள் பெருகின. அறிஞரின் கண்ணுக்கே இதுதான் எல்லை. நான்கைத் தாண்டினால் மனிதக் கண் தடுமாறும். ஒழுங்கு ஏதேனும் இருந்தாலன்றி அதற்கு மேல் பார்த்தவுடன் கூற இயலாது.

இந்த எல்லையை மனிதர் எப்போதும் ஒழுங்கின் துணையாலேயே கடந்து வந்துள்ளனர். கந்தளாயில் நெல் மூடை ஏற்றும்போது கணக்குப் பிடிப்பவர் நான்கு கோடுகளை நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பதைக் காணலாம். கத்தோலிக்கரின் செபமாலையில் ஐம்பது மணிகள் பத்துப் பத்தாகப் பிரிந்து நிற்கின்றன. முஸ்லிம்களின் தஸ்பீஹ் மணியில் முப்பத்து மூன்றுக்கு ஒரு தடை மணி வருவதால், கண்ணை மூடிக்கொண்டு ஓதுபவரின் விரலுக்கும் இடம் தெரிகின்றது. ஜப்பானியரின் மணிச்சட்டத்தில் ஐந்துக்கென்று தனி மணியொன்று மேலே இருக்கின்றது. நீண்ட எண்ணிக்கையை உடைத்து, உறுப்புகள் உணரக்கூடிய அளவாக்கும் உத்தி எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானதாகும்.

பத்துக் கட்டச் சட்டகம் என்பதும் இவ்வுத்தியின் வடிவமே. இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம், ஆக மொத்தம் பத்துக் கட்டங்கள். அவ்வளவுதான். அக்கட்டங்களில் வைப்பதற்குச் சில காய்கள். 1970 களில் அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் ரொபேர்ட் வேர்ட்ஸ் இதனை வகுப்பறையில் அறிமுகப்படுத்தினார் என்பர். பின்னர் ஜோன் வான் டி வோல் என்பாரின் ஆசிரியர் நூல்கள் வாயிலாக இது பரவியது. இன்று பல நாடுகளின் ஆரம்ப வகுப்புகளில் இது அன்றாடச் சாதனம். ஆயினும் அதனை விற்பனைக்கு வரும் பிளாஸ்டிக் சாதனமாக நினைத்து எவரும் பெருமூச்சு விட வேண்டியதில்லை. எமது கடைகளில் முப்பது முட்டைகள் வரும் காகித அட்டைத் தட்டு ஐந்துக்கு ஆறு குழிகள் கொண்டது. ஆறு குழிகள் உள்ள பக்கத்தை இரண்டிரண்டாகக் கத்தரித்தால், இரண்டுக்கு ஐந்தாக மூன்று சட்டகங்கள் கிடைக்கும். அன்று இரவு நோன்பு திறந்து, கஞ்சி குடித்த பின்னர், நண்பரின் மருமகளும் நாமும் சமையலறைக் கத்தரிக்கோலால் செய்ததும் அதுவே. குழியாக இருப்பதால் காய்கள் உருண்டோடாது என்பது மேலதிக வசதி. (நண்பரின் துணைவியார் மட்டும், அத்தட்டு அடுத்த முறை முட்டை வாங்குவதற்கு வைத்திருந்தது என்று முறையிட்டார்.)

காய்களாகப் புளியங்கொட்டை, சோடா மூடி, பழைய சட்டைப் பொத்தான், மஞ்சாடி விதை எனக் கைக்குக் கிடைப்பது எதுவும் ஆகும். இரண்டு விஷயங்களில் மாத்திரம் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கையர் உள்ள வீட்டில், விளையாடி முடிந்ததும் காய்களை எண்ணி எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வர். குன்றிமணியை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது. அது கண்ணுக்கு அழகு. ஆனால் உடைந்து உட்சென்றால் கொடிய நஞ்சு.

பயிற்றும் முறைக்கு வருவோம். முதலில் மேல் வரிசையை இடப்பக்கத்திலிருந்து நிரப்புவது; அது நிறைந்த பின்னரே கீழ் வரிசை. இந்த ஒழுங்கு மாறாதிருப்பது ஆரம்பத்தில் முக்கியம். ஏனெனில் ஒழுங்கு நிலைத்தாலே உருவம் மனதில் பதியும். குர்ஆன் மத்ரஸாவில் வலமிருந்து இடமாக ஓதப் பழகும் பிள்ளை வலப்பக்கத்திலிருந்து வைக்க முனைந்தால், அதைக் கண்டு அதட்ட வேண்டியதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வைத்தாலும் தொகை ஒன்றே என்பது அப்பிள்ளை கற்க வேண்டிய பாடங்களில் ஒன்றுதானே.

ஏழு காய்களை வைத்துப் பாருங்கள். மேல் வரிசை நிறைந்திருக்கின்றது, கீழே இரண்டு. ‘ஐந்தும் இரண்டும்’ என்று கண் எண்ணாமலேயே கண்டுகொள்கின்றது. ஐந்து நிறைந்த வரிசை என்பதால் அதனை எண்ண வேண்டியதில்லை. இரண்டு என்பது ஜெவன்ஸ் கூறிய எல்லைக்குள் அடங்குவதால் அதையும் எண்ண வேண்டியதில்லை. அதே வேளையில் மூன்று கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவ்வெறுமையே இச்சாதனத்தின் உயிர். கற்களை மேசையில் பரப்பி எண்ணும்போது இருப்பவை மட்டுமே தெரியும், இல்லாதவை தெரியா. சட்டகத்திலோ ஏழைப் பார்க்கும் பிள்ளை, பத்துக்கு இன்னும் மூன்று வேண்டும் என்பதையும் உடன் பார்க்கின்றது. கூட்டலும் கழித்தலும் ஒரே காட்சியில் வந்து நிற்கின்றன. பூச்சியத்தை விளக்கத் திணறும் ஆசிரியருக்கும் வெறும் சட்டகத்தை நீட்டிக் காட்டுவதைப் போன்ற இலகுவான வழி வேறில்லை.

இவ்விடத்தில் எமது மொழியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கலைப்பட்டதாரியான எமக்குக் கணக்கில் கைகொடுத்தது மொழி மட்டுமே. ‘ஒன்பது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதன் ஈற்றில் ‘பது’ நிற்கின்றது. அது பத்தைக் குறிக்கும் உறுப்பு. இருபது, முப்பது, நாற்பது என்பவற்றில் நிற்கும் அதே ‘பது’. பத்துக்கு ஒன்று குறைந்தது என்ற எண்ணத்திலேயே ஒன்பது என்ற பெயர் அமைந்தது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். ஒன்பது காய்களைச் சட்டகத்தில் வைத்தால் தெரிவது என்ன? ஒரேயொரு கட்டம் காலி. பிள்ளையின் கண் முதலில் செல்வது அந்தக் காலிக் கட்டத்துக்கே. எம் மூதாதையர் சொல்லில் வைத்ததை முட்டைத் தட்டு கண்ணுக்குக் காட்டுகின்றது.

ஒன்பதுக்கு ‘தொண்டு’ என்ற பழைய பெயரும் தமிழில் இருந்தது. அதன் சுவடே தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பவற்றில் எஞ்சியுள்ளது. எண்பதுக்கு அடுத்து ‘ஒன்பதுபது’ வராமல் ‘தொண்ணூறு’ வருவதேன் என்று தொல்காப்பியமே புணர்ச்சி விதி கூறி விளக்க வேண்டியிருந்தது. ஆகவே எண்பத்தொன்பதை அடுத்துத் தயங்கி நிற்கும் பிள்ளையின் தலையில் குட்டுவோர், அது இலக்கண ஆசிரியரையே நிறுத்திவைத்த இடம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எண்ணூறு எண்ணூறுதான், ஆனால் தொண்ணூறு நூறுகளில் சேராமல் பத்துகளில் நிற்கின்றது. காதால் மட்டும் கற்கும் பிள்ளைக்கு இது பெரும் குழப்பம். ஒன்பது சட்டகங்களை நிரப்பி வரிசையில் வைத்துக் காட்டினால், பெயர் எப்படியிருப்பினும் அளவு கண்முன்னே நிற்கும்.

பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட பெயர்களில் தமிழ் பிள்ளைக்குப் பெரும் உபகாரம் செய்கின்றது. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும். பன்னிரண்டில் சிறிது உருமாறினாலும் இரண்டு வெளியே தெரிகின்றது. ஆங்கிலத்தின் ‘இலெவன்’, ‘டுவெல்வ்’ என்பவற்றில் பத்தையும் காண முடியாது, ஒன்றையும் இரண்டையும் காண முடியாது. சிங்களத்தின் ‘எகொளஹ’, ‘தொளஹ’ என்பவற்றிலும் பத்து சற்று மறைந்தே நிற்கின்றது, ‘தஹதுன’விலிருந்து வெளிப்படுகின்றது. சீனம், ஜப்பானியம், கொரிய மொழி ஆகியவற்றில் எண்ணுப் பெயர்கள் பத்தை வெளிப்படையாகக் காட்டுகின்றன. அம்மொழிப் பிள்ளைகள் எண்களைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் அமைத்துக் காட்டுவதில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை விட முன்னிற்பதை 1980 களின் பிற்பகுதியிலிருந்து ஐரீன் மியூரா முதலானோர் ஆராய்ந்து எழுதினர். மொழி மட்டுமே காரணமா, வீட்டுப் பழக்கமும் பாடசாலை முறையும் காரணமா என்பதில் வாதம் உண்டு. எவ்வாறாயினும், மொழி தரும் அனுகூலத்தை வலிந்து இழப்பதில் அறிவுடைமை இல்லை. ஆனால் நாம் செய்வது அதைத்தான். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை, நேசரிக்குச் சென்ற முதல் வாரத்திலேயே ‘வன், டூ, திறீ’ என்று சொல்ல வேண்டுமென எதிர்பார்க்கின்றோம். பத்து என்பதன் பொருள் பதியும் முன்பே, பத்தை மறைத்து வைத்திருக்கும் பெயர்களை அதன் வாயில் திணிக்கின்றோம். ஆங்கிலம் வேண்டாமென்பது எமது கருத்தன்று. எண்ணை உணர்வது வீட்டு மொழியில் நடக்கட்டும். பெயர்களைப் பின்னர் எம்மொழியிலும் கற்கலாம்.

பழைய தமிழ் எண் எழுத்திலும் பத்துக்குத் தனிக் குறி இருந்தது. பன்னிரண்டை எழுதுவதற்குப் பத்தின் குறியை இட்டு அருகில் இரண்டின் குறியை இடுவர். இருபத்து மூன்றுக்கு இரண்டு, பத்து, மூன்று என மூன்று குறிகள். இன்றைய இலக்க முறையில் அந்தப் பத்து கண்ணுக்குத் தெரியாமல் இடத்தில் ஒளிந்துகொண்டது. இந்தியாவில் தோன்றி, அல்-குவாரிஸ்மி போன்ற முஸ்லிம் அறிஞர்களின் நூல்கள் வழியாக மேற்கே சென்ற அம்முறையின் ஆற்றல் பெரியது. ஆயினும் அந்த ஒளிப்பு பிள்ளைக்குப் பொறியாகின்றது. தரம் ஒன்று, இரண்டு ஆசிரியர்களுக்கு இப்பிழை மிகப் பழக்கமானது: இருபத்து மூன்றை எழுதச் சொன்னால் பிள்ளை 203 என்று எழுதும். அது கேட்டதை அப்படியே எழுதுகின்றது. இருபது, பின்னர் மூன்று. சிவப்பு மையால் குறுக்கே கோடிடுவதால் இப்பிழை திருந்தாது. நிறைந்த சட்டகம் இரண்டையும், மூன்று காய்கள் வைத்த சட்டகம் ஒன்றையும் அருகருகே வைத்து, இரண்டின் கீழ் 2 ஐயும் மூன்றின் கீழ் 3 ஐயும் எழுதச் செய்தால், அந்த 2 என்பது காய்களின் எண்ணிக்கையன்று, நிறைந்த தட்டுகளின் எண்ணிக்கை என்பது தானாக விளங்கும்.

கூட்டலில் இச்சட்டகம் செய்யும் உதவியை ஓர் உதாரணத்தால் காட்டலாம். எட்டும் ஐந்தும் எத்தனை? வழமையாக எமது பிள்ளைகள் எட்டுக் கோடும் ஐந்து கோடும் கீறி, முதலாவதிலிருந்து எண்ணி, பதின்மூன்றை அடைவர். தரம் நான்கில் கூட இவ்வாறு கோடு கீறும் பிள்ளைகள் உள்ளனர். இரண்டு சட்டகங்களில், ஒன்றில் எட்டும் மற்றையதில் ஐந்தும் வைத்தால், முதலாவதில் இரண்டு குழிகள் வெறுமையாக இருந்து கண்ணை உறுத்தும். எவரும் சொல்லாமலேயே பிள்ளையின் கை ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அங்கே வைக்கும். ஒரு தட்டு நிறைந்தது. மறு தட்டில் மூன்று. பத்தும் மூன்றும் என்ன என்பதைத் தமிழே சொல்லிவிடும்: பதின்மூன்று. கழித்தலும் அவ்வாறே. பதின்மூன்றில் நான்கை எடுக்க வேண்டுமானால், வெளியே நிற்கும் மூன்றை முதலில் எடுத்து, நிறைந்த தட்டிலிருந்து இன்னும் ஒன்றை எடுத்தால் போதும், ஒன்பது எஞ்சும். சந்தையில் மிகுதிக் காசு கணக்கிடும் பெண்மணி மனக்கணக்காகச் செய்வதும் இதுவேயன்றி வேறில்லை.

காய்களுடன் சில வாரம் பழகிய பின்னர், அட்டைகளில் புள்ளியிட்ட சட்டகங்களை வரைந்து, இரண்டு விநாடி காட்டி மறைத்து, “என்ன கண்டீர்கள்?” என்று கேட்பது அடுத்த கட்டம். “எத்தனை?” என்று கேட்பதிலும் “எப்படிக் கண்டீர்கள்?” என்று கேட்பது சிறந்தது. எட்டைக் கண்ட ஒரு பிள்ளை ‘ஐந்தும் மூன்றும்’ என்னும். இன்னொன்று ‘இரண்டு இல்லை, அதனால் எட்டு’ என்னும். மற்றொன்று ‘நாலும் நாலும்’ என்னும். மூன்றும் சரி. ஒரே விடைக்கு மூன்று வழிகள் உண்டென்பதைக் கணித வகுப்பில் ஐந்து வயதிலேயே கேட்கும் பிள்ளை, பிற்காலத்தில் கணிதத்தைக் கண்டு ஓடும் வாய்ப்புக் குறைவு. எமது காலத்தில் வழி ஒன்றுதான். அதனைத் தவறவிட்டால் பிரம்பு. வாய்பாட்டை ஒப்புவிக்கும் வெள்ளிக்கிழமை காலைகளில் வயிற்றுவலி வராத மாணவன் எம் வகுப்பில் இருந்ததில்லை.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கின்றனர். இரு கைகள், கைக்கு ஐந்து விரல். இறைவன் ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தனுப்பிய பத்துச் சட்டகம் அது. தடுப்பதற்கு மாறாக, ஏழு விரலை ஒவ்வொன்றாக நீட்டாமல், ஒரு கை முழுவதையும் மறு கையில் இரண்டையும் ஒரே தடவையில் நீட்டப் பழக்கினால், விரலும் சட்டகமும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

கைப்பொருளிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து குறியீட்டுக்கும் செல்லும் இந்த ஒழுங்கு புதிதன்று. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூணர் 1960 களில் இதனை வகுத்துக் கூறினார். 1980 களில் சிங்கப்பூர் தனது கணிதப் பாடத்திட்டத்தை இதன் மீதே கட்டியது. அதற்கு முன்னரே மரியா மொண்டிசோரி அம்மையார் மணிகளாலும் பலகைகளாலும் பத்தைக் கற்பித்தார். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்க நேர்ந்த அவர், 1944 இல் இலங்கைக்கும் வருகை தந்தார். அவரது பெயரைத் தாங்கிய பெயர்ப்பலகைகள் இன்று எமது ஊர்களில் ஏராளம். பலகைக்கு உள்ளே மணிகள் இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி.

இலங்கையின் அரச பாடத்திட்டத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகவும், 1999 முதல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றையும் இணைத்தே கற்பித்தலை வகுத்தது. தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளையை முதலில் விளையாட்டுகள் மூலம் இனங்காண வேண்டுமென்றும் அது பணித்தது. ஏட்டில் எழுதப்பட்டது நன்றே. கந்தளாய் போன்ற ஊர்களின் வகுப்பறையை அடைவதற்குள், மூன்றில் முதலிரண்டும் வழியில் தங்கிவிட, மேசை வேலை மட்டும் வந்து சேர்ந்தது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்னும் நிழல் பாலர் பாடசாலை வரை நீண்டு விழுவது இதற்கு ஒரு காரணம். ஆரம்பக் கல்விக்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பின்தங்கிய பகுதிகளில் தங்காமை இன்னொன்று. முன்பள்ளி ஆசிரியைகளின் நிலை இன்னும் பரிதாபம். உள்ளூராட்சி மன்றங்களும் சமய, சமூக அமைப்புகளும் தனியாரும் நடத்தும் முன்பள்ளிகளில், குடும்பம் நடத்தப் போதாத சிறு கொடுப்பனவுக்கு அவர்கள் கடமையாற்றுகின்றனர். அவர்களிடம் போய்க் கற்பித்தல் முறையை மாற்றுங்கள் என்று கோருவதற்கு முன்னர், அக்கொடுப்பனவைப் பற்றிப் பேசும் துணிவு எமக்கு வேண்டும்.

2020 மார்ச் முதல் பெருந்தொற்றினாலும், 2022 இல் எரிபொருள் இல்லாமையாலும் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தை இங்கு மறக்கலாகாது. அப்போது முன்பள்ளியையும் தரம் ஒன்றையும் தவறவிட்ட பிள்ளைகள், காய்களைத் தொட்டு எண்ண வேண்டிய வயதைக் கைப்பேசித் திரையுடன் கடந்து, நேரே இலக்கங்களுக்கு வந்தவர்கள். அவர்களுள் பலர் இன்று மேல் தரங்களில் பின்னத்துடனும் தசமத்துடனும் மல்லுக்கட்டுகின்றனர். ஒன்பதாவது வயதிலும் பத்தாவது வயதிலும் முட்டைத் தட்டை எடுப்பதில் வெட்கம் எதுவுமில்லை. அதை எடுக்க ஆசிரியரே வெட்கப்பட்டால்தான் சிக்கல். தமிழகத்தில், பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்யவென 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை ஆரம்பித்து, மூன்றாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு ஆடல், பாடல், கைப்பொருள் என்பவற்றால் மீண்டும் அடிப்படையைப் போட முனைந்தனர். அதன் பயனைப் பற்றி அங்கு பல்வேறு கருத்துகள் நிலவலாம். அடிப்படை ஆட்டங்கண்டிருக்கின்றது என்பதை அரசே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு செயற்பட்டதே கவனிக்கத்தக்கது.

கந்தளாயில் சிங்கள மொழிமூலப் பிள்ளையும் தமிழ் மொழிமூலப் பிள்ளையும் வெவ்வேறு வகுப்பறைகளில் அமர்கின்றனர். அதனை நாம் ஒரு கட்டுரையால் மாற்றிவிட முடியாது. ஆயினும் பத்துச் சட்டகத்துக்கு மொழியில்லை. ஒரு வலயத்தின் இரு மொழி ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும் மாதம் ஒரு பிற்பகல் ஒன்றுகூடி, தத்தம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகின்றனர் என்பதைக் காய்களை வைத்தே காட்டிக்கொள்ளலாம். சிங்களப் பிள்ளை ‘எகொளஹ’வில் தயங்குவதையும் தமிழ்ப் பிள்ளை தொண்ணூற்றில் தயங்குவதையும் ஒருவர் மற்றவருக்குச் சொல்வதற்கு, சுற்றறிக்கையோ நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை நூறு வரை சொல்கின்றதா என்று பார்ப்பதை இன்றோடு ஒத்திவையுங்கள். சோற்றுத் தட்டுகள் நான்கை எடுத்து வரச் சொல்லுங்கள். ஆறு மிளகாய் பறித்து வரச் சொல்லுங்கள். படியேறும்போது எண்ணுங்கள். பிழையாகக் கொண்டுவந்தால் திருத்த அவசரப்படாமல், “எல்லோருக்கும் காணுமா என்று வைத்துப் பாருங்க” என்று கூறி விட்டுவிடுங்கள். ஒரு தட்டு மிஞ்சும்போது, அல்லது ஒருவருக்குத் தட்டு இல்லாதபோது, பிள்ளைக்கு வேறு ஆசிரியர் தேவைப்படாது. தாயோ தந்தையோ ஒரு நாளில் பத்து நிமிடம் தட்டையும் காய்களையும் எடுத்து வைத்தால் போதுமானது. பிள்ளை சலித்துக்கொண்டால் அந்தப் பத்து நிமிடமும் அதிகம்.

சில மாதங்களின் பின்னர் நண்பர் தொலைபேசியில் அழைத்தபோது, பேத்தியும் பேசினாள். நூறு வரை ஒப்புவிக்கவில்லை. வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்ததாகவும், ஏழு பேருக்கும் மும்மூன்று ஈத்தம்பழம் வைக்குமாறு மூத்தும்மா கூறியதாகவும், பழங்களைப் போத்தலிலிருந்து எடுத்து முட்டைத் தட்டிலேயே முதலில் வைத்துப் பார்த்ததாகவும் விவரித்தாள்.

“எத்தனை வந்தது மகள்?” என்று கேட்டோம்.

“ரெண்டு தட்டு நிறைய, ஒண்டு வெளியில” என்றாள்.